எப்போதும் ஒரு நாள் முந்தி

அடுத்த அறையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆண் குரல், அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் சிரிப்பு. கிளெய்ம் தலையைத் திருப்பி, மூடியிருந்த கதவைப் பார்த்தார். வீட்டில் தான் மட்டும்தான் இருப்பதாக, எதிரில் உட்கார்ந்திருந்த கடைக்காரப் பெண் போனில் சொல்லியிருந்தாள்.

"ரேடியோ சார்," என்றாள் அவள், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

அவர் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார். அவருடைய அறையிலும் ஒரு ரேடியோ நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கும். என்ன பேசியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

கிளெய்ம் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த குடோன், காணாமல் போன லாரி என்று கிளெய்ம்களை விசாரித்தே தலை நரைத்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் விசாரணை அவரை விடவில்லை. ஒரே அறை வாடகைக்குப் பிடித்து, பகலில் அதை அலுவலகம் என்றும் இரவில் வீடு என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். உதவிக்கு டைப்பிஸ்ட், இப்போதும் கூடவே வந்திருந்தாள். கோர்ட்டில் வாக்குமூலங்களைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துபோய் வேலையை விட்டவள். வாய் மட்டும் தேயவில்லை.

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவளுடைய கடைக்குக் கதவும் இல்லை, போர்டும் இல்லை. இன்டர்நெட்டில் இடக்கைக்காரர்களுக்கு மட்டும் பொருள் விற்கும் கடை அது. வீட்டின் முன்னறைதான் குடோன். சுவரோரம் மடித்த அட்டைப்பெட்டிகள், மேஜையில் பச்சை டேப் உருளைகள், ஜன்னலை மறைத்து இரும்பு அலமாரி.

ஆரம்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் மட்டும்தான் விற்றாளாம். சாதாரணக் கத்தரிக்கோலின் அலகுகள் வலக்கைக்காரருக்காக வைத்துச் செய்தவை. இடக்கையில் பிடித்தால் வெட்டும் கோடு கண்ணுக்குத் தெரியாது, காகிதம் நடுவில் மாட்டி மடங்கிக்கொள்ளும். தங்கை சின்ன வயதில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. விற்பனை சூடு பிடித்ததும், இதை வாங்குகிறவருக்கு வேறென்ன வேண்டியிருக்கும் என்று யோசித்து ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தாள். அங்கேதான் சனி பிடித்தது. அவள் எதைப் புதிதாகச் சேர்த்தாலும், இன்னொரு ஆன்லைன் கடை அதை ஒரு நாள் முன்னாலேயே விற்பனைக்குப் போட்டுவிடுகிறது.

"முதல் தடவை தற்செயல்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை என் நேரம்னு நெனச்சேன். மூணாவது தடவைதான் தங்கச்சி மூஞ்சியப் பார்த்தேன்."

தங்கையும் அவளும் மட்டும்தான் இந்த வீட்டில் இருந்தார்கள். பெட்டி கட்டியதும் தங்கைதான். வெளியே வருவதற்கு முன் விஷயம் தெரிந்த வேறு ஆள் கிடையாது. கேட்டாள். கேட்ட விதத்தில் கோபம் இருந்தது. தங்கை ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போன பிறகும் இரண்டு தடவை அதே கதை நடந்தது. அதற்கும் கடைக்காரப் பெண்ணிடம் பதில் இருந்தது: பழைய யோசனைகளாக இருக்கும், போவதற்கு முன்பே அந்தக் கடைக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

இப்போது அடுத்ததாகப் பொருள் இல்லை, ஒரு சேவை. இடக்கையால் எழுதக் கற்றுக்கொடுக்கும் வீடியோ வகுப்பு. வெள்ளிக்கிழமை அறிவிப்பதாக இருந்தாள், சொல்லிக்கொடுக்க ஆளைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று. இதுவும் போய்விட்டால் கடையை மூடிவிடுவதென்று முடிவு.

"அவதான்னு நிரூபிச்சுக் குடுங்க சார். எனக்கு நிம்மதியாயிடும்."

நிம்மதி கேட்டு வருகிறவர்களின் முகத்தைக் கிளெய்ம் நிறையப் பார்த்திருக்கிறார். இது அந்த முகமில்லை. இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிற முகம்.

புதிதாகச் சேர்த்தவற்றை, சேர்த்த வரிசையிலேயே மேஜையில் வைக்கச் சொன்னார். முதலில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் வந்தது. பிறகு டின் ஓப்பனர். அடுத்து, நடுவில் நாலைந்து ஆணிகள் நட்டுக்கொண்டு நிற்கும் காய்கறி வெட்டும் பலகை. அதற்கடுத்து, மரக்கைப்பிடி போட்ட ஒரு கம்பி வளையம். கடைசியாக, வலப்பக்கம் ஸ்பைரல் போட்ட நோட்டு.

டைப்பிஸ்ட் பலகையைத் தடவிப் பார்த்தாள். காயை ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு வெட்ட வேண்டும் என்று கடைக்காரி விளக்கினாள்.

"உருளைக்கிழங்குக்கு முள் படுக்கை," என்றாள் டைப்பிஸ்ட். "இந்தக் கம்பி என்ன, காது குடையறதுக்கா?"

பட்டன் கொக்கியாம். காஜா ஓட்டைக்குள் விட்டு, பட்டனைப் பிடித்து இழுத்தால் சட்டை தானாகப் பூட்டிக்கொள்ளும். இந்த யோசனைகளெல்லாம் யாருடையவை என்று கிளெய்ம் கேட்டார். தனக்கே தோன்றியவை என்றாள். சொல்லும்போது அவள் கண், மேஜை ஓரத்தில் திறந்திருந்த லேப்டாப்பின் மூலைக்குப் போய்த் திரும்பியதை அவர் பார்த்தார். பார்த்ததை மனதில் போட்டு வைத்துக்கொண்டார்.

*

தங்கை வேலை பார்த்தது ஒரு பெரிய கடையின் கீழ்த்தளத்தில். வாங்கிய பொருளை வண்ணக் காகிதத்தில் பொதிந்து ரிப்பன் கட்டிக் கொடுக்கும் மேஜை. எஸ்கலேட்டருக்குப் பின்னால், வெளிச்சம் கொஞ்சம் குறைந்த மூலை. நாள் முழுக்க யார் யாருடைய கல்யாண நாளையோ பிறந்த நாளையோ அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

டைப்பிஸ்ட் மேல்தளத்தில் அவசரமாக ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். தங்கை அதைப் பார்த்தாள், பிறகு இருவரையும் பார்த்தாள்.

"அக்கா அனுப்பினாங்களா?"

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டைப்பிஸ்ட் கேட்டதற்கு, வாஷிங் பவுடரை யாரும் பரிசாகக் கட்டச் சொல்லமாட்டார்கள் என்றாள். ஆனாலும் காகிதத்தை உருவிக் கட்ட ஆரம்பித்தாள். கோபப்படவில்லை. அழவும் இல்லை. கிளெய்ம் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். எதிர்க் கடைக்காரரை அவளுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இப்போது ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அறையில் கூட இருப்பவள் இரவு ஷிப்ட், அதனால் இருவரும் பார்த்துக்கொள்வதே அபூர்வம்.

பேச்சு அந்தப் பொருள்களைப் பற்றித் திரும்பியது.

"கடையே எனக்காக ஆரம்பிச்சதுதான் சார். ஆனா அதுல பாதி எனக்கே தேவைப்படாது. இதோ பாருங்க, சாதாக் கத்தரிக்கோல்தான். திட்டு வாங்கி வாங்கிப் பழகிட்டேன். அந்தப் பட்டன் கொக்கி எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்ல. பட்டன் போடறதுல இடக்கைக்கு என்ன கஷ்டம்?"

இடக்கையில் கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து, வலக்கையால் காகிதத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரே வீச்சில் நேராக வெட்டினாள். கிளெய்ம் கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பிடித்திருந்த மற்ற கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தங்கை ஒரு கேள்வி கேட்டாள். இப்போது அங்கே பெட்டி கட்ட ஆள் இருக்கிறார்களா என்று. இல்லை என்றார். அவள் ரிப்பன் முடிச்சை ஒரு தடவை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

வெளியே நடைபாதையில் டைப்பிஸ்ட் வாஷிங் பவுடரை ரிப்பனோடு தூக்கிக்கொண்டு நடந்தாள். கோர்ட்டில் தான் எத்தனையோ பொய்களை மூன்று பிரதி எடுத்தவள் என்றும், இந்தப் பெண் சொன்னதில் ஒரு பிரதிக்குக்கூடப் பொய் இல்லை என்றும் சொன்னாள். கிளெய்ம் நின்றுவிட்டார்.

"டைப்பிஸ்ட், இடக்கைக்காரங்களுக்கு எத்தனை கை?"

"போன வாரம் வரைக்கும் ரெண்டு."

"அப்போ உருளைக்கிழங்கை இன்னொரு கையால பிடிச்சுக்க வேண்டியதுதானே? ஆணி எதுக்கு? சட்டைக்குக் கொக்கி எதுக்கு?"

டைப்பிஸ்ட் வாஷிங் பவுடரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

கிளெய்ம் மெதுவாக அடுக்கினார். இது இடக்கைக்காரர் கேட்கும் பொருள் இல்லை. இடக்கை மட்டுமே மிச்சமிருக்கிறவர் கேட்பது. அதுவும் சமீபத்தில் அப்படி ஆனவர். முதலில் வந்தது துணி வெட்டும் கத்தரிக்கோல் என்றால், அது அவருடைய தொழில். அது முடியாதென்று தெரிந்த பிறகு வயிற்றுப்பாட்டுக்கு டின் உணவு. அப்புறம் தானே சமைக்கப் பழகி, வெளியே போகச் சட்டை போடப் பழகி, இப்போது எழுதப் பழக நினைக்கிறார். கடைக்காரப் பெண் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பது பொருள்களையல்ல, யாரோ ஒருத்தர் தட்டுத்தடுமாறி எழுந்து வந்த கதையை.

"அந்தம்மா தனக்கே தோணுச்சுன்னு சொன்னாங்களே?"

"பொய் சொல்லல. அவங்களே அப்படித்தான் நம்பறாங்க."

அங்கேயே நின்று கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார். பட்டன் கொக்கி வேண்டுமென்று முதலில் கேட்டது யார் என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் ரேடியோ சத்தம் குறைந்தது.

"மாஸ்டர்," என்றாள் அவள்.

*

கடையின் இன்டர்நெட் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டால் பதில் தட்டலாம். தினமும் சாயங்காலம், அவள் பெட்டிகளைக் கட்டி முடித்த நேரமாகப் பார்த்து, அதில் மாஸ்டர் வருவார். டெய்லர் மாஸ்டராக இருந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. இது இல்லையா, அது கிடைக்குமா என்று ஆரம்பித்துப் பேச்சு எங்கெங்கோ போகும். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கிளெய்ம் கேட்டதற்கு, இது வியாபாரத்தில் சேராது என்று நினைத்ததாகச் சொன்னாள்.

அவருக்குப் பார்சல் அனுப்பிய முகவரி மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். சட்டைப் பட்டன் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. வலக்கை, அவருடையதே இல்லை என்பது போலப் பக்கவாட்டில் தொங்கியது.

ஜன்னலோரத்தில் தையல் மெஷின் மேல் ஒரு போர்வை. பக்கத்தில் நீளமான வெட்டு மேஜை. சமையலறை வாசலிலிருந்து பார்த்தாலே எல்லாம் தெரிகிற சின்ன வீடு. டைப்பிஸ்ட் வழக்கம்போல எதையாவது சொல்லப் போனவள், வெட்டு மேஜையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அதில் இரண்டு பெரிய கத்தரிக்கோல்கள் இருந்தன. இரண்டு டின் ஓப்பனர்கள். இரண்டு ஆணிப் பலகைகள். இரண்டு கொக்கிகள். இரண்டிரண்டாக நோட்டுகள். மேஜைக்குக் கீழே மடித்து வைத்த அட்டைப்பெட்டிகளில் பாதி பச்சை டேப் ஒட்டியவை. மீதிப் பாதி வெள்ளைப் பெட்டிகள். எதிர்க் கடையின் பெட்டிகள்.

ஒற்றைக் கைக்கு எல்லாம் இரண்டு.

கிளெய்ம் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு கடைகளிலும் ஏன் என்று நேராகவே கேட்டார். மாஸ்டர் மறைக்க ஒன்றுமில்லாதவர். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கடைப்பையன்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் தூரத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். போனில் தேடியபோது இந்த இரண்டு கடைகளும் கிடைத்தன. வெள்ளைப் பெட்டிக் கடையில் காலையில் பதில் சொல்வார்கள். பச்சை டேப் கடையில் சாயங்காலம்.

"காலையில ஒண்ணு வேணும்னு தோணும், அவங்களக் கேப்பேன். இப்ப இல்ல, பாக்கறோம்பாங்க. சாயங்காலம் இந்தப் பொண்ணையும் கேப்பேன். அதுவும் பாக்கறேங்கும். அப்புறம் பார்த்தா ரெண்டு பேரும் கொண்டு வந்துடுவாங்க. எனக்காகக் கொண்டு வந்தவங்ககிட்ட வாங்காம இருக்க முடியுமா?"

காலைக்கும் சாயங்காலத்துக்கும் உள்ள தூரம்தான் அந்த ஒரு நாள். கிளெய்ம் அதைச் சொல்லவில்லை. இதில் யாருக்காவது தொந்தரவா என்று மாஸ்டர் கேட்டபோது, இல்லை என்றார்.

"காலையில அவங்க, சாயங்காலம் இவங்க. நடுவுல மத்தியானம்தான் போக மாட்டேங்குது," என்று மாஸ்டர் சிரித்தார்.

வழக்கு முடிந்தது. எதிர்க் கடை திருடவில்லை, தங்கை விற்கவில்லை. கிளெய்ம் எழுந்தார். டைப்பிஸ்ட்தான் எழவில்லை. எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைப் பற்றி வெள்ளைப் பெட்டிக்காரர்களை எப்போது கேட்டார் என்று கேட்டாள்.

"அவங்களக் கேக்கலையே. அத இந்தப் பொண்ணுகிட்ட மட்டும்தான் கேட்டேன்."

ஏன் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"பொருள்னா யாரும் விக்கலாம். கையப் பிடிச்சுக் கத்துக்குடுக்கணும்னா இடக்கைக்காரங்களாலதானே முடியும்? அந்தப் பொண்ணுக்குத்தான் வீட்டிலயே தங்கச்சி இருக்கே. தினமும் தங்கச்சி பேச்சுதான். நேத்துக்கூட, தங்கச்சி பெட்டி கட்டிக்கிட்டே தூங்கிட்டான்னு சொல்லிச்சு."

கிளெய்ம் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். தங்கை வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது. இத்தனை நாளும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பெண், இல்லாத தங்கையைச் சாப்பிட வைத்து, பெட்டி கட்ட வைத்து, தூங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ரேடியோ போட்ட அறையின் கதவு அவருக்கு ஞாபகம் வந்தது. தன் அறையும்.

மாஸ்டரிடம் அதைத் திருத்தவில்லை. திருத்த வேண்டியவர் அவரில்லை.

*

பச்சை டேப் மேஜைக்கு எதிரில் அமர்ந்து கிளெய்ம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, வெளியே தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். மாஸ்டர் அந்தக் கடையோடும் பேசுகிறார் என்ற இடத்தில் மட்டும் கடைக்காரப் பெண்ணின் முகம் ஒரு கணம் சுருங்கியது. எழுத்து வகுப்பை அவளிடம் மட்டும் கேட்டார் என்றதும் தலை குனிந்தாள். ஏன் கேட்டார் என்ற காரணத்தைச் சொன்னபோது, குனிந்த தலை நிமிரவில்லை.

தங்கையிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்களேன் சார், ரிப்போர்ட்டைக் காட்டினால் நம்புவாள் என்று கெஞ்சினாள். கிளெய்ம் மறுத்துவிட்டார். ரிப்போர்ட் யார் செய்யவில்லை என்பதைச் சொல்லும். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அதில் டைப் அடிக்க முடியாது என்றார்.

வெகுநேரம் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தங்கையை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், தனியாகக் கேட்கப் பயந்தவள் மாதிரி. தொடர்ச்சியாக இல்லாமல் விட்டு விட்டுச் சொன்னாள். தப்பு என்னுடையது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"இதக் கண்டுபிடிக்க நீ ஆள் வச்சிருக்க," என்றாள் தங்கை. "நீயே கோபப்படாம என்னக் கேட்டிருந்தாப் போதும்."

கடைக்காரப் பெண் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"திரும்பி வர்றியா?"

"இல்லக்கா."

ஸ்பீக்கரில் யாரோ ஒரு வாடிக்கையாளர் ரிப்பன் நிறத்தைப் பற்றிக் கேட்பது கேட்டது. சிவப்பு என்று தங்கை அவருக்குச் சொன்னாள். பிறகு, குரலைத் தாழ்த்தி:

"மாஸ்டருக்கு நான் எழுதக் கத்துக்குடுக்கறேன். என் லீவு நாள்ல. அவருக்காகத்தான். உனக்குன்னு நெனச்சுக்காத."

லைன் போனது.

கடைக்காரப் பெண் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். வெள்ளிக்கிழமை அறிவிக்கலாம், சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது என்று ஏதோ சொன்னாள். அவளே அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கிளெய்ம் குடையை எடுத்துக்கொண்டார். டைப்பிஸ்ட் ஏற்கெனவே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். படியிறங்குவதற்கு முன் சொல்ல ஒரு கிண்டலை அவள் தேடிக்கொண்டிருப்பது முதுகிலேயே தெரிந்தது.

லேப்டாப்பில் மணி அடித்தது. மூலையில் கட்டம் திறந்து ஒரு வரி வந்தது. மாஸ்டர்தான். அவருடைய வழக்கமான ஆரம்பம்: வேலை முடிஞ்சுதாம்மா, தங்கச்சி சாப்பிட்டாளா?

கடைக்காரப் பெண்ணின் விரல்கள் பழக்கத்தில் தானாகவே தட்டின. சாப்பிட்டா மாஸ்டர், இப்பதான். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. கிளெய்ம் கதவுப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். அவள் எழுத்து எழுத்தாக அழித்தாள். அழித்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தட்டினாள்.

அவ இங்க இல்ல மாஸ்டர். ரொம்ப நாளாவே இல்ல. நான்தான் அனுப்பிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.

அனுப்பினாள்.

மாஸ்டர் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. ஒற்றைக் கையால், அதுவும் பழகாத கையால் தட்டுகிறவர். பதில் வர நேரமாகும். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

டைப்பிஸ்ட் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து, மடித்த அட்டைப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.